உஷார்! அந்த வேன் எங்கே போகிறது?

சென்ற மாதம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. மேம்பாலத்தடியில் ஒரு பெரியவர். சடைபிடித்த தலை, பொத்தான் இல்லாத சட்டை. இளைஞர்கள் நாலைந்து பேர் அவரை ஸ்டூலில் உட்கார வைத்து மொட்டை அடிக்கிறார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுகிறார்கள். புது வேட்டி, புதுச் சட்டை. பின்னணியில் உருக்கமான சினிமாப் பாட்டு. கடைசியில் ஒரு வேனின் கதவு திறக்கிறது. அவரை ஏற்றுகிறார்கள். கதவு சாத்தப்படுகிறது. பணம் அனுப்ப வேண்டிய எண் திரையில் வருகிறது.

குழுவில் எல்லோரும் கும்பிடும் கைகளைப் போட்டார்கள். அந்த வேன் எங்கே போனது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

தயவுசெய்து கேளுங்கள். இதைக் கேட்காமல் விட்டதற்குத் தமிழ்நாடு ஏற்கெனவே கொடுத்த விலை கொஞ்சமல்ல.

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? ஆதரவற்றோர், முதியோர், மனநலம் பாதிக்கப்பட்டோர் என்று பலரையும் பராமரிப்பதாகச் சொன்ன இடம். அங்கே சேர்க்கப்பட்டிருந்த ஒரு முதியவரைத் தேடிப் போனபோது ஆள் இல்லை. பெங்களூரில் உள்ள இன்னொரு இல்லத்துக்கு அனுப்பிவிட்டதாகப் பதில் வந்தது. அங்கேயும் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் அதிகாரிகள் ஆசிரமத்துக்குள் நுழைந்தார்கள். 140-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். கட்டிப்போட்டார்கள், அடித்தார்கள், பெண்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள் என்று குற்றச்சாட்டுகள் எழுந்தன. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. உரிய உரிமம் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் அந்த இடம் நடந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது.

அந்த முதியவரைத் தேட ஒருவர் இருந்தார். வக்கீல் வைத்து வழக்குப் போட அவரால் முடிந்தது. பிளாட்பாரத்திலிருந்து ஏற்றப்பட்டவருக்காக யார் ஆட்கொணர்வு மனு போடுவார்கள்? ஏற்றி அனுப்பிய நாம்தான் போட வேண்டும். நமக்கோ அவருடைய பெயர்கூடத் தெரியாது.

விழுப்புரம் சம்பவத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2018 பிப்ரவரியில், காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இருந்த ஓர் இல்லத்தின் வேனைப் பொதுமக்கள் வழியில் மறித்தார்கள். உள்ளே இறந்துபோன ஒருவரின் உடல். அதே வண்டியில் உயிரோடு முதியவர்கள். கூடவே காய்கறி. இன்னும் பின்னால் போனால், 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

இந்த இடங்களுக்கெல்லாம் ஆட்கள் தாமாக நடந்து போகவில்லை. பெரும்பாலானவர்களை யாராவது கொண்டுபோய் விட்டிருப்பார்கள். நம்பி விட்டிருப்பார்கள். நல்லது செய்வதாக நினைத்தே விட்டிருப்பார்கள்.

இதை வெளியே நின்று சொல்லவில்லை. நானும் அப்படி ஒருவரை ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து இரவில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்துவந்தோம். பேருந்து நிலையத்துக்கு எதிரே, மூடிய கடையின் படியில் ஓர் அம்மா படுத்திருப்பார். எழுபதைத் தாண்டியவர். பேச்சு குறைவு. “எந்த ஊரும்மா?” என்று கேட்டால் கையை மட்டும் ஆட்டுவார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இந்த ஈரத்தில் கிடந்தால் அம்மா போய்ச் சேர்ந்துவிடுவார் என்று எங்களுக்குப் பதற்றம். யாரோ கொடுத்த ஒரு கைபேசி எண்ணுக்கு அழைத்தோம். ஒரு மணி நேரத்தில் வேன் வந்தது. அந்த அம்மா வர மறுத்து ஷட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “உங்க நல்லதுக்குத்தாம்மா” என்று சொல்லி, விரல்களைப் பிரித்து, நாங்களே தூக்கி ஏற்றினோம். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அதே படியில் தூக்குவாளியோடு ஒரு பெண் நின்றிருந்தார். கட்டட வேலைக்குப் போகிறவர். “இங்க எங்கம்மா இருப்பாங்களே, பாத்தீங்களாண்ணே?” என்றார். கணவர் வீட்டில் அம்மாவைச் சேர்க்கவில்லை. அதனால் ஞாயிறுதோறும் வந்து சோறு ஊட்டி, சேலை மாற்றி, தலைவாரி விட்டுப் போவாராம். இரண்டு பேரும் தனியாக இருக்க ஒரு அறை பார்த்து, அட்வான்ஸ் பணம் சேர்த்துக்கொண்டிருந்தாராம். தினமும் பொட்டலம் கொடுத்த எங்களுக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது.

வேன் அனுப்பிய இல்லத்துக்கு ஓடினோம். இடம் இல்லாததால் வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். யாரிடம் ஒப்படைத்தார்கள், என்றைக்கு ஒப்படைத்தார்கள் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கண்டுபிடிக்கப் பதினோரு நாள் ஆனது. மொட்டை அடித்து, நைட்டி மாட்டி, வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். பெற்ற மகளுக்கே ஒரு நிமிடம் அடையாளம் தெரியவில்லை. அம்மாவுக்கு மகளைத் தெரிந்தது. அந்த அம்மா அழுததை நான் இந்த ஜென்மத்தில் மறக்கப் போவதில்லை.

தெருவில் படுத்திருக்கிறவர் எல்லோரும் யாருமில்லாதவர் என்று நாம் முடிவுகட்டிக்கொள்கிறோம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. சென்னையில் பாரிமுனை, பிராட்வே, வால்டாக்ஸ் சாலைப் பக்கம் இரவில் நடந்து பாருங்கள். “நாங்க பிளாட்பாரத்துக்காரங்க” என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கின்றன. மூட்டை தூக்குகிறார்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறார்கள், பூக்கட்டி விற்கிறார்கள், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறார்கள். பிழைப்பு அங்கே இருப்பதால் படுக்கையும் அங்கே. அரசு பொது மருத்துவமனைக்கு வெளியே படுத்திருப்பவர் வெளியூரிலிருந்து நோயாளியோடு வந்தவராக இருக்கலாம். கடைவாசலில் தூங்குகிறவர் வடமாநிலத் தொழிலாளியாக இருக்கலாம், நாளைக் காலை ஆறு மணிக்கு அவருக்கு வேலை இருக்கும். சுயநினைவும் சொந்தப் புத்தியும் உள்ள ஒருவரை, அவர் வர மாட்டேன் என்னும்போது வண்டியில் ஏற்ற உங்களுக்கும் எனக்கும் எந்த உரிமையும் கிடையாது. அரசாங்கத்துக்கும் கிடையாது. 2017 நவம்பரில் ஹைதராபாத்தில் உலகத் தொழில்முனைவோர் மாநாடு நடக்க இருந்தபோது, தெருவில் இருந்தவர்களை வாரிக்கொண்டுபோய்ச் சிறை வளாகங்களில் அமைத்த இல்லங்களில் வைத்தார்கள். அதற்கும் ‘மறுவாழ்வு’ என்றுதான் பெயர். உங்கள் ஊரில் பெரிய விழாவோ, முக்கியப் பிரமுகர் வருகையோ நெருங்கும்போது திடீரென்று ‘மீட்பு’ வேகம் எடுத்தால், தன்னார்வலர்களே, அதற்குத் துணை போகாதீர்கள்.

சரி, உண்மையிலேயே உதவி தேவைப்படுகிறவர் இருக்கிறார். நடக்க முடியவில்லை, தனக்குள் பேசிக்கொள்கிறார், காலில் புண் புழுத்திருக்கிறது. அப்போது என்ன செய்வது? நம்மில் பலருக்குச் சட்டம் தெரியாததால்தான் தனியார் வேனை அழைக்கிறோம்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. இதன் 100-வது பிரிவைத் தெருவில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டும். மனநோயோடு ஆதரவின்றித் திரிகிறவரைப் பாதுகாப்பில் எடுப்பது அந்தப் பகுதிக் காவல் நிலைய அதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. முக்கியமாக, காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து அவருடைய குடும்பத்தைத் தேட வேண்டும். எங்கோ ஒரு வீட்டில் இவருடைய போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறவர்களை இவரோடு இணைக்கக்கூடிய ஒரே கயிறு அந்த அறிக்கைதான். தனியார் வேனில் ஏற்றி அனுப்பும்போது அந்தக் கயிற்றை நம் கையாலேயே அறுத்துவிடுகிறோம். இன்ஸ்பெக்டர் அலுத்துக்கொள்ளலாம். “இதெல்லாம் எங்க வேலையா, நீங்களே எங்கயாவது சேத்துருங்க சார்” என்று ஒரு மெமோவைக் கையில் திணிக்கலாம். பிரிவு எண்ணைச் சொல்லி, பணிவாக, அங்கேயே உட்காருங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

அதே சட்டத்தில் இன்னும் இருக்கிறது. மனநலம் பாதித்தவரைச் சங்கிலியில் பிணைக்கக் கூடாது. கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது. ஆம், மொட்டை அடிப்பதைத் தனியாகப் பெயர் சொல்லியே தடுத்திருக்கிறார்கள். தன் சொந்த உடையை உடுத்த அவருக்கு உரிமை உண்டு. சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது. வீடு இல்லை என்பதற்காகவோ, குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காகவோ ஒருவரைக் காலமெல்லாம் நிறுவனத்துக்குள்ளேயே வைத்திருக்கக் கூடாது. இப்போது அந்த வாட்ஸ்அப் வீடியோவை மறுபடி நினைத்துப் பாருங்கள். மொட்டையில் தொடங்கி, முகத்தைக் காட்டி, வேனில் முடிகிறது.

பேன் இருந்தது, புண் இருந்தது, வேறு வழியில்லை என்பார்கள். மருத்துவ ரீதியாக முடி எடுக்க வேண்டி வரலாம்தான். அதை மருத்துவமனையில், அவரிடம் சொல்லிச் செய்யலாம். கேமரா எதற்கு?

அடுத்து உரிமம். ஏமாறுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இங்கே ஏமாறுகிறார்கள் என்பது என் அனுபவம். “நாங்க ரெஜிஸ்டர் ஆன டிரஸ்ட் சார், 80ஜி இருக்கு, தர்பன் நம்பர் இருக்கு” என்பார்கள். நாமும் திருப்தியாகத் தலையாட்டுவோம். டிரஸ்ட் பதிவு என்பது பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒரு பத்திரத்தைப் பதிந்ததற்கான அத்தாட்சி. 80ஜி நன்கொடை கொடுப்பவருக்கான வரிச்சலுகை. தர்பன் என்பது தொண்டு நிறுவனங்களுக்கான அரசு இணையதளத்தில் பதிந்த எண். ஆட்களைத் தங்கவைக்கும் அனுமதி இவற்றில் எதிலும் இல்லை. மனநலம் பாதித்தவர்களை வைத்திருந்தால் மனநலச் சட்டப்படி மாநில ஆணையத்தில் பதிவு வேண்டும். மாற்றுத்திறனாளிகள் என்றால் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிப் பதிவு. பெண்கள் தங்கும் இல்லம் என்றால் 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம். குழந்தை என்றால் பேச்சே வேறு: 24 மணி நேரத்துக்குள் 1098-க்கோ காவல்துறைக்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ சொல்லாமல் நீங்கள் வைத்துக்கொண்டாலே குற்றம். முதியோர் இல்லம் என்று பதிந்துவிட்டு அதே கட்டடத்தில் எல்லா வகையினரையும் அடைத்து வைத்திருக்கும் இடத்தைக் கண்டால், சுவர் எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும், நம்பாதீர்கள்.

உரிம நகலைக் கேளுங்கள். எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். உள்ளே போய்ப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். அலுவலக அறையில் உட்கார வைத்து காபி கொடுத்து அனுப்பினால் அது பார்வையிட்டதாகாது. சமையலறை, கழிவறை, படுக்கும் கூடம் மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். யாராவது இறந்தால் எப்படி அறிவிப்பீர்கள், யாரையாவது வேறிடத்துக்கு மாற்றினால் எங்களுக்கு எழுத்தில் சொல்வீர்களா என்று கேளுங்கள். நல்ல இல்லம் நடத்துகிறவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுவதில்லை. அப்படிப்பட்டவர்கள் நிறையவே இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் பட்ட கடன் பெரிது. சென்னையில் 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய ‘தி பேனியன்’, தெருவில் திரிந்த மனநோயாளிப் பெண்களை எடுத்துச் சிகிச்சை கொடுத்து ஊருக்கு அனுப்புவதை வேலையாகக் கொண்டது. போக வீடு இல்லாதவர்களை நாலைந்து பேராகச் சேர்த்து, சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில் குடிவைக்கிறார்கள். தனி வீட்டுச் சாவி, தெருவில் காய்கறிக்காரர், பக்கத்து வீட்டு அக்கா என்று அவர்களுடைய நாள் நகர்கிறது. வீடின்மை முடிவது என்றால் அதுதான். பெரிய கூடத்தில் நூறு கட்டில் போடுவதை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, ‘வம்பே வேண்டாம்’ என்று யாரும் ஒதுங்கிவிடக் கூடாது. ஒதுங்கினால் தெருவில் இருப்பவருக்கு அந்த வேனும் இல்லை, நீங்களும் இல்லை. வேனுக்குச் செலவிட்ட ஆவேசத்தை வேறு இடத்தில் காட்டுங்கள் என்கிறேன்.

2010-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: நகரங்களில் லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுக்க, இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும். டெல்லிக் குளிரில் தற்காலிகக் காப்பகம் ஒன்று இடிக்கப்பட்ட பிறகு வந்த உத்தரவு அது. பின்னர் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்க வழிகாட்டுதல் ஒருவருக்கு 50 சதுர அடி இடம் என்றது. உங்கள் ஊரின் மக்கள்தொகை உங்களுக்குத் தெரியும். லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். அத்தனை காப்பகம் இருக்கிறதா? எங்கே இருக்கிறது? பெண்களுக்கு எத்தனை, குடும்பமாகத் தங்க எத்தனை? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ பத்து ரூபாயில் ஒரு மனு. பதிலை வைத்துக்கொண்டு வார்டு கவுன்சிலரிடம் போங்கள். சென்னையில் மாநகராட்சியே தொண்டு நிறுவனங்கள் மூலம் நடத்தும் காப்பகங்கள் இருக்கின்றன, 1913-ஐ அழைத்தால் கேட்கலாம். அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளியோடு வந்தவர்கள் தங்கவும் சில உண்டு. பத்தடி தூரத்தில் காப்பகம் இருப்பது தெரியாமல் வெளியே படுத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கைபிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினாலே பாதி வேலை முடிந்தது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28 ஒரே இரவில் எண்ணியதில், நாடு முழுக்க வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர். எண்ணிக்கையில் விடுபட்டவர் எவ்வளவோ. முகவரி இல்லாதவரை எந்தப் பட்டியலும் சேர்த்துக்கொள்ளாது என்று நினைக்கிறோம். வாக்காளர் பட்டியல் சேர்த்துக்கொள்ளும். படிவம் 6-இல் தான் படுக்கும் இடத்தைக் குறித்துக் கொடுத்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து அவர் அங்கேதான் தூங்குகிறார் என்று பார்த்து உறுதிசெய்ய வேண்டும், வேறு முகவரிச் சான்று தேவையில்லை. ஓட்டு இருக்கிற பிளாட்பாரத்துக்குக் கவுன்சிலர் வருவார். இதற்கு வேன் வேண்டாம், ஒரு பேனா போதும்.

அந்தக் கட்டடத் தொழிலாளிப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். அம்மாவைக் கூட்டிவந்த பிறகு என்ன வேண்டும் என்று முதன்முறையாக அவரிடமே கேட்டோம். “ரூம் அட்வான்ஸுக்கு இன்னும் ஏழாயிரம் கொறையுதுண்ணே” என்றார். ஏழாயிரம்! எங்கள் குழு ஒரு மாதப் பொட்டலத்துக்குச் செலவழித்ததைவிடக் குறைவு. சேர்த்துக் கொடுத்தோம். கூட முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதினோம். அந்த அம்மா பிறகு கடைப்படியில் படுக்கவில்லை. வாடகை பாக்கி, மருத்துவச் செலவு, ஆற்றோரக் குடிசையை இடித்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் தள்ளிவிட்டதால் போன வேலை என்று மனிதர்கள் தெருவுக்கு வரும் வழிகள் சின்னச் சின்னவை. வந்த முதல் வாரத்தில் பிடித்தால் திருப்பி அனுப்ப முடியும். ஒரு வருடம் கழித்து முடியாது. அதனால் உங்கள் தெருவில் புதிதாக ஒருவர் மூட்டையோடு உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே போய்ப் பேசுங்கள். பெயர், ஊர், யாரைக் கூப்பிட வேண்டும், என்ன வேண்டும். முதியவர் என்றால் 14567, மனநலச் சிக்கல் என்றால் 14416, பெண் ஆபத்தில் இருந்தால் 181, சட்ட உதவி 15100. எல்லாம் இலவசம். கைபேசியில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே யாரையாவது அனுப்பியிருக்கிறவர்களுக்கு. உங்களில் பலர் இருப்பீர்கள், நான் இருந்ததுபோல. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த இல்லத்துக்குப் போங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். அவரை நேரில் கூட்டிவந்து காட்டச் சொல்லுங்கள், போட்டோ காட்டினால் ஏற்காதீர்கள். தனியாக ஐந்து நிமிடம் அவரோடு பேசுங்கள். இங்கே இருக்க விருப்பமா என்று கேளுங்கள். “மாத்திட்டோம்”, “ஓடிட்டாரு”, “இன்னிக்குப் பாக்க முடியாது” என்ற பதில்களில் ஏதாவது ஒன்று வந்தால், தேதி, நேரம், சொன்னவர் பெயர் எல்லாவற்றையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் திங்கட்கிழமை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும். மனுவோடு வரிசையில் நில்லுங்கள்.